மல்லாவிப் பக்கம் பார்த்த பிள்ளைகள்

மாசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, மூன்று வயதுக் கிருசாந்தனின் முகம் ஜெமீலின் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு வேறு பக்கம் திரும்பவில்லை.

மல்லாவிச் சந்தைக்கு எதிரே இருந்த ஜெமீலின் ஸ்டூடியோவில் பிள்ளைகள் அழுவதில்லை என்று பெயர். மற்ற இடங்களில் கிலுகிலுப்பை ஆட்டினார்கள், ரொபி இனிப்புக் காட்டினார்கள், தாய்மார் பிள்ளையின் தொடையில் யாருக்கும் தெரியாமல் நுள்ளினார்கள். ஜெமீலுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. கமராவின் பின்னால் நின்று, தோளுக்கு மேலால் வாசலைக் கையால் காட்டி, 'அந்தா அப்பா வாறார்' என்பான். தன் முஸ்லிம் ஆட்களின் பிள்ளைகளுக்கு 'வாப்பா வாறார்' என்பான். கட்டாரில் இருந்தவர்கள், கொழும்பில் கட்டட வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அந்த வாசலால் வந்தார்கள். பிள்ளை நிமிரும், முகம் மலரும், அவன் விரல் அழுத்தும். படம் அச்சாகி வருவதற்குள் பிள்ளை மறந்துவிடும் என்பது அவன் கணக்கு.

அன்று புளியங்குளத்திலிருந்து சிவலட்சுமி மகனோடு வந்திருந்தாள். கனடாவில் இருந்த அவளுடைய அண்ணன், தாயையும் பிள்ளையையும் ஒரு படத்தில் பார்க்கக் கேட்டிருந்தான். அவளுடைய கணவன் சதீஸைக் கார்த்திகை மாதம் சோளக் காவலில் யானை அடித்திருந்தது. இது ஜெமீலுக்குத் தெரியும். அஞ்சலிப் பதாகைக்குச் சதீஸின் முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவன் அவன்தான். பிள்ளை தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எழும்ப மறுத்தது.

"ஜெமீல் நானா, இவன் பாக்கமாட்டான். விடுங்கோ, பஸ்ஸுக்கும் நேரமாச்சு."

"பொறுங்கோ தங்கச்சி," என்றான் ஜெமீல். பிறகு பழக்கத்தில் கை உயர்ந்தது. "அந்தா, அப்பா வாறார்."

கிருசாந்தன் நிமிர்ந்து சிரித்தான். சிவலட்சுமியும் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள், அதே சிரிப்போடு. ஜெமீல் அழுத்தினான். அவன் எடுத்ததில் மிக நல்ல படம் அதுதான். சிவலட்சுமி தலையைக் குனிந்து பிள்ளையின் செருப்பைத் தேடினாள். போகும்போது அவனைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பிள்ளை பின்பக்கம் பார்த்தபடியே போனது. பாதை வளைந்தபோது தலை வளையவில்லை. கழுத்து எட்டாத இடத்தில் உடம்பும் சேர்ந்து திரும்பியது. வவுனியாவில் மருத்துவர் எலும்பைப் படம் பிடித்துப் பார்த்து, குறையொன்றும் இல்லை, கீரை கொடுங்கள் என்றார். அந்தக் கிழமைக்குள் கிளிநொச்சியிலும் முள்ளிவாய்க்காலிலும் ஜெமீலிடம் படம் எடுத்த பிள்ளைகளின் முகங்கள் அப்படியே நின்றன. முன்பள்ளி ஆசிரியைகள் கரும்பலகையை மல்லாவிப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினார்கள். தாய்மார் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சோறு தீத்தினார்கள். காட்டுப் பாதையில் திசை தவறிய லொறிக்காரர் வாசற் படலைகளில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து வழி பிடித்தார்கள். மழை தொடங்கியபோது அதைப் பற்றிய கதை ஓய்ந்திருந்தது.

பிள்ளைகள் மல்லாவியைப் பார்க்கவில்லை, தன்னையே பார்க்கிறார்கள் என்பதை ஜெமீல் அச்சு மை வாங்க வவுனியா போன நாளில் கண்டான். பாதையோர முற்றங்களில் நின்ற பிள்ளைகள் பஸ்ஸோடு சேர்ந்து திரும்பினார்கள். ஜும்ஆத் தொழுகைக்கு வந்த பிள்ளைகள் தொழும் திசையான கிப்லாவை விட்டுவிட்டு அவன் நின்ற வரிசையைப் பார்த்தார்கள். மௌலவி ஒன்றும் கேட்காமல் அவனை முன் வரிசையின் நடுவில் நிற்கச் சொன்னார். பிள்ளைகளின் திசை சரியாகிவிட்டது. ஊரார் ஜெமீலின் பக்தியை மெச்சினார்கள். அவனால் நெற்றியை நிலத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

அவன் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் இருந்தான்.

"ஒளிச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி ஸஹீலா. "கிணத்துக்குள்ள இறங்கினாலும் வன்னியில உள்ள பிள்ளையெல்லாம் குனிஞ்சுதான் பாக்கும்."

வடக்கிலிருந்து விரட்டப்பட்டுச் சின்ன வயதில் இருந்த புத்தளம் முகாமில் அவனுக்கும், நாளைக்கு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் சோறு தீத்தினார்கள். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு தின்றான் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

தகப்பன்மார் விடுமுறையில் வந்தார்கள். தகப்பன் படலையைத் திறந்ததும் பிள்ளையின் கழுத்து இளகியது. கட்டாரிலிருந்து வந்தவர்களும் கொழும்பிலிருந்து வந்தவர்களும் ஒவ்வொரு பிள்ளையாக விடுவித்தார்கள். இரண்டாவது வருட முடிவில் கிருசாந்தன் மட்டும் மிஞ்சினான். அவன் ஒருவனுக்காகக் கரும்பலகையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவன் உட்காரும் வாங்கைத் திருப்பிப் போட்டார்கள்.

ஒரு காலை ஜெமீல் புளியங்குளத்துக்குப் பஸ் ஏறினான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அப்பா வரமாட்டார். மாமா பொய் சொன்னனான். இரண்டு வசனந்தான். மாங்குளம் தாண்டும்போது அதுவும் நீளமாகத் தெரிந்தது.

சிவலட்சுமியின் முற்றம் கூட்டியிருந்தது. மாமர நிழலில் ஒரு கதிரை போட்டிருந்தது.

"வாங்கோ நானா," என்றாள். "நீங்கள் வாறீங்களெண்டு காலமையே சொல்லிப்போட்டான். மெல்ல மெல்லத் திரும்பினவன்."

ஜெமீல் படலைக்கு வெளியே நின்றான், கதிரைக்குப் போகவில்லை. கிருசாந்தன் படலையின் குறுக்குச் சட்டத்தில் ஏறிப் பிடித்துக்கொண்டு நின்றான். வளர்ந்திருந்தான். முகத்தில் அந்தப் படத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது. அவன் ஜெமீலின் தோளுக்கு மேலால் பாதையை எட்டிப் பார்த்தான். சிவலட்சுமியும் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

"மாமா," என்றான் கிருசாந்தன், "அப்பா உங்களுக்குப் பின்னாலயோ வாறார்?"