பானட்டில் பனி இல்லை

ரேடியேட்டர் மூடியைத் திருகியதும் கொதிநீர் சீறி வந்து என் கையில் கொட்டியது. "ஆத்தாடி!" என்று அலறிவிட்டேன். மார்கழிப் பனியில் இரவெல்லாம் நின்ற வண்டிக்குள் கொதிநீர் எங்கிருந்து வரும்?

பண்ணையார் தியாகராசனின் அம்பாசிடருக்கு நான் டிரைவர். மார்கழி பிறந்தால் அது தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளும். இரவில் ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்ட வேண்டும். விடிந்ததும் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, சோக்கை இழுத்துக் கெஞ்ச வேண்டும். என்ஜின் ஓடிச் சூடேறியதும் வயலுக்குப் போகிற சனம் பானட்டில் கைவைத்துக் குளிர் காய்ந்துவிட்டுப் போகும்.

இன்றும் வெந்நீர்ச் செம்போடுதான் வந்தேன். ஷெட் வாசலில் தங்கை காளியம்மாள் நின்றாள்.

"அண்ணே, அவரு ராத்திரி வீட்டுக்கு வரல. சங்கக் கூட்டத்துக்குக் குடவாசல் போனவரு."

"கடைசி பஸ்ஸ விட்டிருப்பாரு. வந்துருவாரு."

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. சென்னையில் ஆட்சி மாறிக் கூலிச் சட்டமும் வந்தாயிற்று, இந்தக் களத்துக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று பண்ணையாரை நேருக்கு நேர் கேட்டவன் அவள் புருஷன் வேம்பு. அந்த நினைப்பில்தான் தொட்டுக்கூடப் பார்க்காமல் மூடியைத் திருகினேன்.

செம்பு நீர்தான் கொட்டிவிட்டதென்று நினைத்து, காளியம்மாள் முந்தானையை நனைத்துவர வாய்க்காலுக்கு ஓடினாள். அப்புறம்தான் வண்டியைச் சரியாகப் பார்த்தேன். வண்டிக் கூரையெல்லாம் பனி. பானட் மட்டும் காய்ந்து கிடந்தது. சாக்கில் இருந்த முடிச்சு நான் போட்டதல்ல.

அலறல் கேட்டுப் பண்ணையார் சால்வையோடு வந்தார்.

"என்னடா சத்தம்?"

"ஐயா, ராத்திரி வண்டிய எடுத்தீங்களா?"

"இந்தப் பனியில எவன்டா எடுப்பான்? போய் ஸ்டார்ட் பண்ணு." என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கிறது. வேம்பு போன குடவாசல் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

காளியம்மாள் ஓடிவந்து ஈர முந்தானையைக் கிழித்து என் கையில் சுற்றினாள். அவள் விரல்கள் விறைத்திருந்தன. பல் கிடுகிடுக்க வண்டியை நெருங்கி, வழக்கம்போல இரண்டு உள்ளங்கைகளையும் பானட்டில் பதித்தாள்.

"இன்னிக்கு சீக்கிரமே சூடாயிருச்சேண்ணே!"

சாவி இன்னும் என் மடியில் இருந்தது. கையை எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கன்னத்தையும் மெல்ல அதன்மேல் சாய்த்துக்கொண்டாள்.