இரண்டாவது திரை

கணவன் சிப் தயாரிக்கும் நிறுவனத்தில் விளம்பரம் எழுதினான். மனைவி, அந்தச் சிப்புகளை வாங்கி மடிக்கணினி செய்யும் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருந்தாள். கல்யாணத்துக்கு வந்த இரண்டு அலுவலகத்து ஆட்களும் ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள்.

மடிக்கணினி நிறுவனம் இனி சிப்பையும் தானே செய்துகொள்ளப்போவதாக அறிவித்ததும் சம்பந்தம் முறிந்தது. அத்தனை வருஷம் அதன் புகழையே பாடிவந்த சிப் நிறுவனம், கொஞ்ச நாளிலேயே அதைக் கிண்டல் செய்து விளம்பரம் போட ஆரம்பித்தது. முதல் விளம்பரத்தைப் பார்த்து அவளே சிரித்தாள்.

"போன வருஷம் வரைக்கும் இதை மாதிரி கம்ப்யூட்டர் உண்டான்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அப்ப உள்ள எங்க சிப் இருந்துச்சே" என்றான் அவன்.

இரண்டாவது விளம்பரம் வந்ததும் சிரிப்பு நின்றது. அதில் ஒரு பெண் மடிக்கணினியோடு இரண்டு திரைகளை இணைக்கிறாள். இரண்டாவது திரை கறுத்துப்போகிறது. 'சொந்தச் சிப்பாம். ஒரு திரைக்கே மூச்சு வாங்குதாம்' என்கிறது ஒரு குரல். அந்தக் கோளாறு இன்னும் கடைக்கு வராத புது மாடலில் இருந்தது. சோதனைப் பிரிவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மறுநாள் பிரிவுத் தலைவர் அவளை அழைத்தார். எதற்கும் சூடாகாதவர் என்பதால் 'ஐஸ்பெட்டி' என்று அவருக்குப் பட்டப்பெயர். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்னு எல்லாருக்கும் தெரியும். நான் உங்களைச் சந்தேகப்படலை. மேல கேக்கறாங்க, என்ன பண்றது?"

மத்தியானத்துக்குள் சோதனைக்கூடத்தின் கதவு அவள் அடையாள அட்டைக்குத் திறக்க மறுத்தது. பிரின்டர் பக்கத்தில் ஒரு மேஜை கொடுத்தார்கள். டீக்குக் கூப்பிடும் தோழிகள் அவளைத் தாண்டிப் போகும்போது போனைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் கணவனிடம் நேராகவே கேட்டாள். "ரெண்டாவது திரை விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குறிப்பு மேலேருந்து வந்துச்சு. நாங்க வசனம் மட்டும்தான் எழுதினோம்."

"நான் சமையலறையில அதைப் பத்தி போன் பேசினது காதுல விழலையா?"

"உன் போனை ஒட்டுக் கேக்கறதுதான் எனக்கு வேலையா?"

அவன் கோபப்பட்டது அவளுக்கு உறுத்தியது. பேசாமல் இருந்திருந்தால் அதுவும் உறுத்தியிருக்கும். அன்றிலிருந்து அவள் மாடிப்படியில் நின்று போன் பேசினாள். அவன் மடிக்கணினியைக் குளியலறைக்குக்கூட எடுத்துக்கொண்டு போனான். மாமியாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஏம்மா, ரெண்டு பேரும் உளவாளிங்க மாதிரி நடமாடறீங்க. உப்பு எங்க இருக்குன்னாவது என்கிட்ட சொல்லலாமா?" என்றார்.

மூன்றாவது விளம்பரத்துக்கான ஒத்திகை அறையில் கணவன் ஐஸ்பெட்டியைப் பார்த்தான். மனைவியின் அலுவலக விழாவில் ஒருமுறை கைகுலுக்கியவரின் முகம். சிப் நிறுவனத்தில் பெரிய பதவியில் சேரப்போகிறவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவரே நடிக்க, அவருக்கு இவன் வசனம் எழுத வேண்டும். அவர் இவனை அடையாளம் கண்டுகொண்டார். துளியும் பதறவில்லை.

"உங்க வீட்டம்மா ரொம்பக் கெட்டிக்காரங்க. சொல்லுங்க, நான் எங்க நிக்கணும்?"

அன்று வீட்டில், அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இந்த வசனத்தையும் நீங்கதான் எழுதினீங்களா?"

"நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?"

"இதை நம்பி நான் போய் அவர் மேல பழி சொல்லுவேன். எங்க பிரிவுக்குள்ள அடிச்சுக்குவோம். புது மாடல் தள்ளிப்போகும். யாருக்கு லாபம்?"

அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஐஸ்பெட்டியே விசாரணை நடத்தி, அவளை வேலையிலிருந்து நிறுத்திவைக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று ராஜினாமா செய்தார்.

முடிவு வருவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. கேன்டீன் டிவியில் அந்த நிதானமான முகம். 'நான் அங்கே இருந்தவன். அவங்க சிப்பைப் பத்தி என்கிட்ட கேளுங்க.' சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். மறுநாள் அவள் அட்டைக்குக் கதவு திறந்தது. 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்றார்கள். யார் செய்த தவறு என்று சொல்ல ஆளில்லை. தோழிகள் டீக்குக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னது நிஜம்தான்."

"ம்."

"நான் அதை ஆபீஸ்ல சொல்லியிருந்தா உங்க வேலை என்ன ஆகியிருக்கும்?"

"அன்னிக்கே போயிருக்கும்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான்." அவன் கொஞ்சம் சிரித்தான். "நல்லவேளை, நீ நம்பலை."

அவன் நன்றி சொல்கிறானா, குத்திக்காட்டுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டால் சொல்லியிருப்பான். ஆனால் சொல்லும் பதிலை நம்ப முடியுமா என்ற யோசனை குறுக்கே வந்தது. எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றினாள்.