முகர்ந்து பார்க்கிறவள்

பால் பண்ணையில் கேன்கள் வந்து இறங்கியதும் மூடியைத் திறந்து முகர்ந்து, "நல்லது" என்றோ "திருப்பு" என்றோ சொல்வதுதான் அவள் வேலை. அவள் நல்லது என்ற பால் பெரிய தொட்டிக்குப் போகும். அங்கிருந்து குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. ஒரு கேன் புளித்திருந்தாலும் தொட்டியே பாழ்.

பண்ணை வண்டியை ஓட்டும் கணவர் அன்று மாலை வீட்டில் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னடி, தலைக்குப் புது வாசனை எண்ணெய் தேய்ச்சிருக்கேன். வண்டியில ஏறினவனெல்லாம் கேட்டுட்டான், நீ வாயே திறக்கல?"

அவர் தலையருகே போய் முகர்ந்தாள். ஒரு வாசனையும் வரவில்லை. காய்ச்சல் வந்து போனதிலிருந்து சாப்பாடு ருசிக்கவில்லை. காய்ச்சல் வாய் என்று விட்டிருந்தாள். ஒரு கேனைக்கூடத் திருப்பவும் இல்லை. புளிப்பு வாடை வராததை, பால் நல்லது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு வாசனையே தெரியலைங்க."

"அதனால என்ன? நீ சொன்னது ஒண்ணுகூடத் தப்பலையே!"

"பால் நல்லதா வந்துச்சு, தப்பிச்சேன். நான் எங்க கண்டுபிடிச்சேன்?"

"வெளிய சொல்லித் தொலைக்காதே, வேலை போயிடும். உன் மூக்குக்கு ஒண்ணுமில்ல." சொல்லும்போதே காதுமடலைத் தேய்த்தார். பொய் சொன்னால் அவர் கை தானாக அங்கே போகும்.

இரண்டு டம்ளரில் நல்ல பாலும் புளித்த பாலும் வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு புளித்ததைக் காட்டினாள்.

"பாத்தியா, சரி!" என்று குதித்தார்.

"குத்துமதிப்பா சொன்னேன். மாத்தி மாத்தி வைங்க."

அடுத்தது தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. அவர் குதிக்கவில்லை.

மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுவும் நடக்கலையே. எதுக்கும்மா நீயா வந்து மாட்டிக்கிற?"

"நடக்காதது அதிர்ஷ்டம் மேடம். அதை நம்பிக் குழந்தைங்களுக்குக் கொடுக்கலாமா?"

அந்த அம்மா சற்று யோசித்தார். "மூக்கு போனா கண்ணு இருக்கில்ல? காய்ச்சிப் பாரு, புளிச்சிருந்தா திரிஞ்சிடும். நேரமாகி கேன் வரிசை நின்னா நிக்கட்டும்."

மேஜை மேல் அடுப்பு வந்தது. ஒவ்வொரு கேனிலும் ஒரு கரண்டி எடுத்துக் காய்ச்சினாள். மதியத்துக்குள் ஒன்று திரிந்தது.

"திருப்பு!" குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

வீடு திரும்பும்போது வண்டியில் கேட்டாள்: "அந்த எண்ணெய் வாசனை நிஜமாவே நல்லா இருக்கா?"

"பிரமாதம்!" ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கை காதுமடலுக்குப் போனது.

"வழியில கடையில நிறுத்துங்க. வேற வாங்கிடலாம்."