குழாய்த் தண்ணீர்

இருபத்துநாலு வயது. வெளிநாட்டுக்கு வந்து எண்பத்தொன்பது நாள். அந்த வெள்ளிக்கிழமை மதியம் பட்டறையில், காரைத் தூக்கி நிறுத்தும் மூன்றாம் நம்பர் லிஃப்டுக்குப் பக்கத்தில், கையில் காலி கேனோடு நின்றுகொண்டிருந்தான். பெயர் அடையாள அட்டையில் இருந்ததோடு சரி; பட்டறையில் எல்லோருக்கும் அவன் 'புதுசு'. மூன்று மாதச் சோதனைக் காலம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. சாயங்காலம் தலைமை மெக்கானிக் கையெழுத்துப் போட்டால் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வரும். போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

லிஃப்டில் ஒரு நீல நிற மின்சாரக் கார். பேட்டரியின் சூட்டைத் தணிக்கும் கூலண்டை மாற்றும் வேலையை முதன்முறையாகத் தனியாக அவனிடம் விட்டிருந்தார்கள். கரண்டைத் துண்டித்து, பத்து நிமிடம் காத்திருந்து, ரப்பர் உறை மாட்டி, பழைய கூலண்டை இறக்கி, புதியதை ஏற்றி, கரண்டைத் திரும்ப இணைத்து, எல்லாம் முடிந்தது. இப்போது லேப்டாப் கட்டளைப்படி பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்களுக்குள் சிக்கிய காற்று 'களக் களக்' என்று தொட்டிக்கு வந்து வெடித்தது. அரை மணி நேரம் ஓட வேண்டும்.

கேனைக் குப்பையில் போடும்போதுதான் அதன் முதுகில் இருந்த எச்சரிக்கை கண்ணில் பட்டது. 'குழாய்த் தண்ணீர் சேர்க்கக் கூடாது.'

பழையதை இறக்கியதும் அவன் ஹோஸ் பைப்பைச் சொருகி, குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தான். யாரும் சொல்லவில்லை. ஊரில் மாமாவின் பட்டறையில் ஐந்து வருஷம் பெட்ரோல் கார்களின் வயிற்றைக் கழுவிய கை. தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும் வரை விட்டால்தான் அந்தக் கைக்குத் திருப்தி. மூன்று நாள் பயிற்சியில் தெளிவாகத்தான் சொன்னார்கள்: இந்தக் காரில் கூலண்ட் பேட்டரியை ஒட்டியே ஓடுகிறது, கரண்ட் கடத்தாத வகை, உப்புள்ள சாதாத் தண்ணீர் சேர்ந்தால் கடத்த ஆரம்பிக்கும், என்றாவது உள்ளே கசிந்தால் பேட்டரியே போய்விடும். காது கேட்டது. கை கேட்கவில்லை.

எவ்வளவு தங்கியிருக்கும்? ஒரு டம்ளர்? ஒரு சொம்பு? லிஃப்டைச் சுற்றி நடந்தான். தொட்டியை எட்டிப் பார்த்தான். அதே இளஞ்சிவப்பு, அதே மினுமினுப்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கசியாமலே கூட இருக்கலாம். பத்து வருஷம் ஓடலாம். ஓடலாம்தானே?

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அக்கா. "ஆர்டர் வந்துச்சாடா? அம்மா காலையிலேருந்து போனையே பாத்துட்டு இருக்காங்க."

"என்னடா புதுசு, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற?" என்றார் பக்கத்து லிஃப்டின் டயர்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே. காத்து போகுதான்னு பாக்குறேன்."

"காத்து போகும். நீ போய் டீ குடி. மீட்டர் வந்தா முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிடும்."

மீட்டர் என்றால் தலைமை மெக்கானிக். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள்; மதியச் சாப்பாட்டின் சூட்டையும் அளப்பாள் என்று டயர்காரர் சொல்வார். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் அக்காதான்.

வேலைச் சீட்டைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தான். பதினோரு கட்டம். பத்தில் டிக் போட்டான். 'சுத்திகரித்த நீர் மட்டுமே பயன்படுத்தப்பட்டது' என்ற கட்டத்துக்கு மேல் பேனா தொங்கியது. போட்டால் ஒரு கோடுதான். காரின் சொந்தக்காரரான நர்ஸ் நாலு மணிக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் எந்த ரோட்டில், எந்த மழையில், எந்த நாளில்...

"என்ன, பரிட்சையா எழுதுற?" பின்னால் மீட்டர் அக்கா. சீட்டை உருவி எடுத்தாள். "இந்தக் கட்டம் மட்டும் ஏன் காலியா இருக்கு?"

பேனாவை மூடி மேஜையில் வைத்தான்.

"குழாய்த் தண்ணி விட்டுட்டேன்க்கா."

"என்ன தண்ணி?"

"குழாய்த் தண்ணி. கழுவுறதுக்கு. பழக்கத்துல கை போயிடுச்சு."

பட்டறை முழுக்க அமைதியானது போலிருந்தது. உண்மையில் டயர்காரரின் மிஷின் மட்டும்தான் நின்றிருந்தது.

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திரவம் எவ்வளவு கரண்ட் கடத்துகிறது என்று காட்டும் சின்ன மீட்டரை எடுத்து வந்து தொட்டியில் முக்கினாள். "நூறுக்குள்ள இருக்கணும். பாரு."

நூற்று எண்பத்தாறு.

"கண்ணு இருக்கா? புத்தி இருக்கா? வகுப்புல தூங்கினியா?" இப்போது திட்டினாள். ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது. "நாலு மணிக்கு அவங்க வருவாங்க. நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு."

நாலுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார் அந்த நர்ஸ். சீருடையோடு, தோளில் பை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"அஞ்சு மணிக்கு எனக்கு டியூட்டி. நான் எதுல போறது, உன் முதுகுலயா?"

"ஒர்க்ஷாப் வண்டியில கொண்டுபோய் விடச் சொல்றோம் மேடம்," என்றாள் மீட்டர் அக்கா.

நர்ஸ் அவனையே பார்த்தார். "தம்பி, மருந்தை மாத்திக் குடுத்துட்டேன்னு நான் போய்ச் சொன்னா, எங்க ஆஸ்பத்திரியில என்ன செய்வாங்க தெரியுமா?"

"தெரியல மேடம்."

"முதல்ல பேஷண்ட்டைப் பாப்பாங்க. அப்புறம் என்னைப் பாத்துக்குவாங்க." சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தார்.

மீட்டர் அக்கா சுத்திகரித்த நீர்க் கேன்களை நகர்த்தினாள். "கேட்டுச்சுல்ல? திரும்ப இறக்கு. நூறுக்குக் கீழ வர்ற வரைக்கும் அலசு, அளந்து காட்டு."

"அக்கா... என் கையெழுத்து?"

"இன்னிக்கு இல்ல. திங்கக்கிழமை முதலாளிகிட்ட பேசுவேன். என்ன பேசுவேன்னு கேக்காத, எனக்கே தெரியாது."

அவன் கரண்டைத் துண்டித்தான். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கையில் ரப்பர் உறை. போனைப் பெஞ்சில் சாய்த்து வைத்தான். உறை மாட்டிய விரலுக்குத் திரை வேலை செய்யவில்லை; மூக்கு நுனியால் மைக்கை அழுத்தி, குடும்பக் குரூப்பில் பேசினான். போன் அவன் பேச்சை எழுத்தாக்கிக்கொண்டே போனது.

"ஆர்டர் வரல. ஒரு கார்ல தப்பு பண்ணிட்டேன், நானே சொல்லிட்டேன். இப்ப அதைத்தான் சரி பண்ணிட்டு இருக்கேன். சாப்பிட்டேன், உடம்புக்கு ஒண்ணுமில்ல. திங்கக்கிழமைதான் தெரியும். இதை முதல்ல யார் படிச்சாலும் அம்மாகிட்ட பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, போன்ல படிக்க விடாதீங்க. திங்கக்கிழமை வரைக்கும் யாரும் எனக்குப் போன் பண்ணாதீங்க."