எழுநூற்றைம்பது ரூபாய் வேகம்

பொம்மையன் வாத்தியார் முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். விடைக்குப் பக்கத்தில் ரூபாயா, மீட்டரா என்று எழுதாத பிள்ளைக்கு அரை மார்க்கைப் பிடுங்கிக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் 2009-இல் ஒரு பிராட்பேண்ட் பில் வந்து கவிழ்த்தது.

தெரு முழுவதற்கும் கேபிள்கார முனியப்பன்தான் இன்டர்நெட் கொடுத்தார். மாதம் பிறந்தால் வீடு வீடாக வந்து பணம் வாங்குகிறவள் பேச்சாயி. புருஷன் இல்லாதவள். வசூலில் கிடைக்கும் கமிஷனில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் எதிர்வீட்டு பீர் முகமது பேச்சுவாக்கில், தான் நெட்டுக்கு நானூறு கட்டுவதாகச் சொன்னார். வாத்தியார் கட்டுவது எழுநூற்றைம்பது. கறியை வீட்டில் கொடுத்த கையோடு நோட்டை எடுத்துக்கொண்டு பதினோரு வீடு ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் நானூறு. நோட்டில் வீட்டு நம்பர், ரூபாய் என்று இரண்டே பத்தி. மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும் என்பது அந்தக் கணக்குப் புலிக்குத் தோன்றவே இல்லை. ஏழு மாதமாக ஒருத்தி தன்னை முட்டாளாக்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் பேச்சாயி பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாளிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தபோது அங்கேயே மடக்கினார். சத்தம் கேட்டு நாலைந்து பேர் கூடினார்கள்.

"ஊருக்கெல்லாம் நானூறு, எனக்கு மட்டும் எழுநூத்தம்பதா? ஒனக்குக் கை நீளமாப் போச்சு" என்றார்.

அவள் முகம் கறுத்துப் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கூடியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று வாத்தியார் எல்லாருக்கும் விளக்கம் வேறு கொடுத்தார்.

சாயங்காலம் அவள் தனியாக வந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவர் கனெக்சனுக்கு எழுதிக் கொடுத்த பாரம். மற்ற வீடுகளில் ஓடுவது இருநூற்றைம்பத்தாறு கே.பி. வேகம். இதில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று டிக் அடித்து, கீழே அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அன்னைக்குக் கீரனூர்ல இருந்து சம்பந்தி வீட்டாளுக வந்திருந்தாக சார். நானூறே போதும்னு சொல்ல வந்தேன். எது ஒசத்தியோ அதப் போடு, காசப் பத்திப் பேசாதன்னு கையக் காட்டி நிறுத்தீட்டீக."

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மகள் சத்யபிரியாவுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. தோப்பும் கிணறுமாக இருக்கிற சம்பந்திக்கு முன்னால் தான் ஒன்றும் இளைத்தவனில்லை என்று காட்டத் துடித்த நேரம். அவ்வளவு வேகமுங்களா என்று சம்பந்தி கேட்டபோது எவ்வளவு குளிர்ந்து போனோம் என்று நினைத்ததும் உடம்பு கூசியது.

"இத அங்கனயே காட்டிருக்கலாமேம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"காட்டிருந்தா தெருவே சிரிச்சிருக்கும் சார். பாப்பா கல்யாணம் வேற வருது. நீங்களே தெருக்காரவுககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. நாளப்பின்ன அவுக எங் கையில பணம் குடுக்கணும்ல."

காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அவள் படியிறங்கும்போது கூப்பிட்டு, தனக்கும் நானூறுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அந்த நேரத்திலும் அதைக் கேட்கத் தோன்றியது பாருங்கள். மாற்றலாம் சார் என்றாள்.

காலையில் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்ன ஆச்சு என்று பீர் முகமது கேட்டார்.

"பேசியாச்சு பாய். இனிமே எனக்கும் நானூறுதான்."

"பாத்தீங்களா, மாட்டுன ஒடனே எறக்கிட்டா."

இல்லை பாய் என்று இரண்டு சொல் போதும். வெட்கம் விடவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்படி முப்பது 'நாளைக்கு' வந்து போயிற்று.

அடுத்த மாதம் அவள் கையில் பணம் கொடுக்க ஒரு வீடும் தயாராக இல்லை. எல்லாரும் முனியப்பன் ஆபீசுக்கே போய்க் கட்டினார்கள். கணக்கு சரிதான் என்று முனியப்பனுக்குத் தெரியும். அதற்காகத் தெருவோடு சண்டை போட அவருக்கென்ன தலையெழுத்தா? அந்தத் தாளை அன்றும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாத்தியாரும் வரிசையில் நின்றார். மேஜைக்குப் பக்கத்தில் பேச்சாயி தன் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் நின்ற செபாஸ்தியம்மாள் திரும்பி, "நீங்க மட்டும் நோட்டப் போட்டு விசாரிக்கலன்னா நாங்களும் ஏமாந்திருப்போம் சார்" என்றாள்.

பேச்சாயி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமில்லை. இப்போதாவது சொல்வார் என்று காத்திருக்கிற பார்வை. வாத்தியார் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வியர்வையில் துவண்டுபோன தாள் விரலில் பட்டது.

அதை ஒதுக்கிவிட்டு, நானூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.