கடைசிக் குப்பி

கணவனுக்குப் போட்டுவிட வேண்டிய சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது லேப் தலைவர் உள்ளே வந்தார். கூடத்தில் கிடத்தியிருந்தவரைக் கும்பிட்டுவிட்டு அவள் பக்கம் வந்தார்.

"நேத்து அவர் ரெடி பண்ணின குப்பி எல்லாத்தையும் கொட்டிடலாம்னு இருக்கேம்மா. நீங்க அதை நினைச்சு மனசைக் குழப்பிக்க வேண்டாம்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏன் சார்?"

"கடைசிக் குப்பிக்கு மூடி போட்டுட்டு உக்காந்தவர், அப்படியே போயிட்டார். உடம்பு முடியாம செஞ்ச வேலை. எதைன்னு நம்புறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் கணவனுக்கும் ஒரே லேப். மருந்தை அளந்து, வடிகட்டி, குப்பியில் அடைப்பது அவர் வேலை. அந்தக் குப்பிகளை மெஷினில் ஏற்றி, உள்ளே என்னென்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. வீட்டில் பால் ஊற்றினால்கூட டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்க்கிற மனிதர். லேப்பில் அவருக்கு 'மில்லி' என்றே பெயர். அவர் கையையா சந்தேகப்படுவது?

"கொட்டாதீங்க சார். நான் வந்து மெஷின்ல ஓட்டிப் பாக்குறேன்."

"அண்ணி!" நாத்தனார் பதறிப்போனாள். "எங்கண்ணன் இப்படிக் கிடக்கும்போது வேலைக்குப் போறேங்கிறீங்களே, நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். புள்ள வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் நீ பக்கத்துலயே இரு. உங்கண்ணன் வேலையை முடிச்சுட்டு வந்துடறேன்."

லேப்புக்குச் சோதனைக்கு வந்திருந்தது குழந்தைகளுக்கான இருமல் மருந்து. விஷம் ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு குப்பியும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்து எடுத்தது. எல்லாவற்றிலும் அடையாளத்துக்காக ஒரு திரவத்தை ஒரே அளவு சேர்த்திருப்பார். கை பிசகவில்லை என்றால், திரையில் அதன் கோடு குப்பிக்குக் குப்பி ஒரே உயரத்துக்கு எழும்பும். பிசகியிருந்தால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத் தாட்சண்யமெல்லாம் கிடையாது.

முதல் குப்பியின் கோடு எழும்பி இறங்கியது. அடுத்ததும் அச்சு அசலாக அதே உயரம். அதற்கடுத்ததும் அப்படியே.

"நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன்," என்றார் தலைவர்.

"அவர் கை சார் அது." அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசிக் குப்பிக்குக் கோடு இரண்டு மடங்கு உயரம் போனது.

ஒருமுறை சேர்த்ததை மறந்து இன்னொருமுறை சேர்த்திருக்கிறார். அவர் மறக்கிற ஆளே இல்லை. வலி அப்போதுதான் வந்திருக்கிறது. நேற்று சுவருக்கு இந்தப் பக்கம்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்; ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல், குப்பிக்கு மூடியும் போட்டு முடித்திருக்கிறார் பாவி மனிதர். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் பொத்துக்கொண்டு வந்தது.

தலைவர் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார். "மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. இதையும் சரின்னே போட்டுடலாம்மா. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன். கடைசி நாள்ல அவர் பேர் கெட வேண்டாம்."

"மறைச்சாதான் சார் கெடும். அந்த பாட்டில்ல மருந்து மிச்சம் இருக்குல்ல?"

"ஒரு தடவைக்கு இருக்கும்."

"போதும்."

கையுறையை மாட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குத் தனியாகப் போனாள். மருந்தை அளந்து எடுத்தாள். அடையாளத் திரவத்தைப் பிப்பெட் குழாயில் அளவாக இழுத்து அதில் விட்டாள்.

"ஒரு தடவை போட்டாச்சுங்க," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வடிகட்டி வழியாகக் குப்பிக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கினாள்.