ப்ளூலைன் யார்

மாலைக் கல்லூரி என்று பெயர் வைத்துவிட்டு ஐந்து மணிக்கே வகுப்பை ஆரம்பித்தால் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? மானசா சேர்ந்த முதல் வாரமே இதைக் கேட்டாள். அவள் அட்ஹாக் லெக்சரர். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரியவர்கள் காதில் விழாது.

அதனால் 2008இல் அவளே ஒரு வலைப்பூ தொடங்கினாள். பொருளாதாரப் பாடத்தை எளிய ஆங்கிலத்தில் எழுதிப் போடுவாள். கீழே ஒரு கேள்வி. மாணவர்கள் முடிந்தபோது படித்துப் பின்னூட்டத்தில் பதில் எழுதினால், அன்றைய வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு. தாழ்வாரத்தில் பிரின்சிபாலை நிறுத்திக் கேட்டபோது, "அச்சா, அச்சா, கர் லோ," சரி, செய்துகொள் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். மானசா டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா சேஷன், மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பில் ஏறாத வார்த்தைக்கு டெல்லியில் காலணா மதிப்பில்லை என்பது தெரியாத வீடா அது? தெரிந்தும் அந்தத் தலையாட்டலை நம்பினாள், அசடு.

இன்னொரு அசட்டுத்தனமும் செய்தாள். முதலில் ஒருவரும் எழுதவில்லை. இங்கிலீஷ் தப்பாகிவிடும், நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம். "சொந்தப் பேர் வேண்டாம், இஷ்டப்பட்ட பேர்ல எழுதுங்கோ," என்று சொல்லிவிட்டாள். மறுநாளே ராஜாபாபு வந்தான், பிங்க் டைரி வந்தாள். ப்ளூலைனும் வந்தாள்.

ப்ளூலைன் என்பது விசாலாக்ஷி. இறுதியாண்டு மாணவி. ராஜேந்திர பிளேஸில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடுகிறாள். ஏழு மணிக்கு முன்னால் விடமாட்டார்கள். பட்டம் வாங்கினால் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் தம்பியும் சாப்பிட்டார்கள். தினமும் தொங்கிக்கொண்டு போகிற பஸ்ஸின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டாள்.

விலை ஏறினால் வாங்குபவர்கள் குறைவார்கள், ஆனால் எப்போதும் அல்ல. உதாரணம் தருக என்று மானசா ஒருநாள் கேட்டிருந்தாள். 'பஸ் டிக்கெட் விலை ஏறியது. கூட்டம் குறையவில்லை. எங்களுக்கு வேறு வண்டி இல்லை' என்று எழுதியிருந்தாள் ப்ளூலைன். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியது அவள் ஒருத்திதான். மானசாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மார்ச்சில் வருகை குறைந்தவர்களின் பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மற்றவர்கள் டாக்டர் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து ஒருவழியாகத் தப்பித்தார்கள். வலைப்பூ வருகையைக் கல்லூரி கணக்கில் எடுக்காததால் விசாலாக்ஷிக்கு இருந்த பள்ளத்தை எந்தக் காய்ச்சலாலும் நிரப்ப முடியாது. பரீட்சை எழுத அனுமதி இல்லை என்றார்கள்.

மானசா பின்னூட்டங்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனாள். தாழ்வாரத்தில் சொன்னது அவருக்கு நினைவில்லை. இருந்தாலும் காகிதங்களைப் புரட்டினார்.

"இதில் விசாலாக்ஷி எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"ப்ளூலைன்தான் சார்."

"பஸ்ஸுக்கு அட்டெண்டன்ஸ் போட முடியாது, மேடம்."

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே இறங்கி வந்தார். வேலை பார்க்கும் மாணவர்களுக்கு விதியில் ஒரு சலுகை உண்டு. அந்தப் பெண் வந்து, இதெல்லாம் எழுதியது நான்தான் என்று கையெழுத்துப் போடட்டும். இதே காகிதங்களை அவள் அலுவலகத்துக்கு அனுப்பி முதலாளியிடமும் உறுதி வாங்கிவிடலாம் என்றார். மானசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே போன் செய்து விசாலாக்ஷியை வரச் சொன்னாள்.

மறுநாள் விசாலாக்ஷி வந்தாள். பிரின்சிபால் காகிதங்களை அவள் பக்கம் தள்ளினார். முதல் பக்கத்தைப் படித்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், மூன்றாவதைத் தொடவில்லை.

"எழுதியது நீங்கள்தானே?"

"நஹீ சார்," என்றாள் விசாலாக்ஷி. "இது நான் இல்லை."

பிரின்சிபால் மானசாவை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அடுத்த வருஷம் தனக்கு வேலை இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபத்தோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் விசாலாக்ஷியின் பின்னாலேயே போய் அவளைப் பிடித்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்னே?"

"நேரத்தைப் பாத்தேளா மேடம்? ஒவ்வொரு பதிலுக்குக் கீழயும் போட்டிருக்கு. பதினொண்ணு, மூணு, நாலு. எல்லாம் ஆபீஸ் டயம், ஆபீஸ் கம்ப்யூட்டர். ஆர்குட்ல அரட்டை அடிச்சான்னு போன மாசம் ஒருத்தனை முதலாளி அன்னிக்கே நிறுத்திட்டார். இதை அங்க அனுப்பினா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை நெலைக்கணும்னுதானே பரீட்சையே எழுத நெனைச்சேன்?"

முடிந்தபோது எழுதுங்கள் என்று சொன்னவள் மானசாதான். இந்தப் பெண்ணுக்கு எப்போது முடியும் என்று ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

"இனிமே என்ன பண்ணுவே?"

"டிசம்பர்ல கான்ட்ராக்ட் முடியறது. பட்டம் இல்லேன்னா வேற ஆளைப் போடுவார். அதுவரைக்குமாவது சம்பளம் வரட்டும்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "ஒரு உபகாரம் பண்ணுங்கோ மேடம். நான் எழுதினதையெல்லாம் அழிச்சுடுங்கோ. ஆபீஸ்ல யாராவது பாத்துடப் போறா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

பஸ் வந்தது, நிற்காமலே வேகத்தைக் குறைத்தது. விசாலாக்ஷி ஓடிப் படியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டாள்.

மானசா ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ப்ளூலைன் எழுதிய பதில்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். நிரந்தரமாக நீக்கிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் திரை கேட்டது, ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றாள். பஸ் டிக்கெட் பதிலைக் கடைசியாக வைத்திருந்தாள். அதையும் நீக்கினாள். உதாரணம் தருக என்ற கேள்வி மட்டும் அங்கே நின்றது. அதன் கீழே பின்னூட்டங்கள் பூஜ்யம் என்று காட்டியது.